சாயாத முத்திரை

மினோசே
1994 ஜூன் 9

அன்புள்ள தம்பி கியோஹிகோவுக்கு,

மழைக்காலம் தொடங்கிவிட்டது. மலைச்சரிவில் ஹைட்ரேஞ்சியா நீலமாகப் பூத்திருக்கிறது. உன் உடல்நலம் நன்றாக இருக்குமென்று நம்புகிறேன்.

சொல்லாமல் கொள்ளாமல் நாட்டின் வடகோடித் தீவுக்குப் போய்விட்டாய். உன் முகவரியைத் தெரிந்துகொள்ளவே எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. ரோப்கார் வடம் நழுவிப் பெட்டி தூணில் மோதி இன்றோடு முப்பத்தேழு நாள். காயம்பட்ட பதினொரு பேரில் பத்துப் பேர் வீடு திரும்பிவிட்டார்கள். சுற்றுலா பஸ்ஸில் வழிகாட்டியாக வந்த மிசுயே என்ற பெண் மட்டும் இன்னும் மருத்துவமனையில் இருக்கிறாள். இடதுகால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. வயது இருபத்தாறு.

"வடம் நல்ல நிலையில் உள்ளது" என்ற சோதனைத் தாளில் ஏப்ரல் 27 தேதியிட்டு, கையெழுத்துக்குப் பதிலாக வைக்கிற உன் பெயர் முத்திரை விழுந்திருக்கிறது. சுகனுமா என்று குடும்பப் பெயர் வட்டத்துக்குள் சிவப்பாக இருக்கிறது. பத்திரிகைகளில் அதன் படம் வந்துவிட்டது. ஊரில் யாரும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. மீன்கடைக்காரி மீதிச் சில்லறையைக் கையில் தராமல் பலகையில் வைக்கிறாள்.

ஆனால் முதலாளி மொரோஹாஷி மாறவில்லை. நேற்று என்னைக் கூப்பிட்டு, "ஃபுமியே, உன் தம்பி தெரியாம ஒரு தப்பு பண்ணிட்டான். ஒத்துக்கிட்டான்னா போதும், மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றார். ஒத்துக்கொண்டால் சிறை இருக்காது என்று கம்பெனி வக்கீல் சொல்கிறார். இரண்டு வருஷம் கழித்துப் பஸ் நிலையத்தில் உனக்கொரு வேலையும் தருவதாக முதலாளி வாக்குக் கொடுத்திருக்கிறார். சுரங்கம் மூடிய பிறகு இந்த ஊரைத் தூக்கி நிறுத்தியவர் அவர். மலை உச்சி நிலையத்தில் அவருக்கு வெண்கலச் சிலை வைத்தபோது நீயும்தான் கைதட்டினாய். இருபத்துநாலு வருஷமாக அவர் அறைக்கு வெளியே உட்கார்ந்து வேலை பார்க்கிறேன். அவரை எனக்குத் தெரியும்.

ஒப்புதல் கடிதத்தைத் தட்டச்சு செய்து இத்துடன் வைத்திருக்கிறேன். முத்திரை வைக்கவேண்டிய இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டிருக்கிறேன். தயவுசெய்து வைத்து அனுப்பு.

உன் அக்கா
ஃபுமியே


ரெபுன் தீவு
ஜூன் 20

அக்கா,

இங்கே ஹைட்ரேஞ்சியா கிடையாது. காற்றும் கல்லும்தான். கடற்பாசி காயவைக்கும் கூழாங்கல் முற்றத்தில் முளைத்திருக்கும் புல்லைக் காலையிலிருந்து மாலைவரை குனிந்து பிடுங்குகிறேன். அடுத்த மாதம் பாசி அறுவடை. குனிவது எனக்குப் பழக்கம்தானே.

நான் முத்திரை வைக்கவில்லை. இதை போலீசாரிடம் சொன்னேன், பத்திரிகைக்காரர்களிடம் சொன்னேன். உன்னிடம் சொல்லவேண்டியிருக்கும் என்று நினைக்கவில்லை.

ஏப்ரல் 26-ம் தேதி நடந்ததைக் கேள். பனிக்காலம் முழுக்க நின்றிருந்த வடத்தைச் சோதித்தேன். பதினேழு இழை அறுந்திருந்தது. வடத்தை மாற்ற ஆறு வாரம் ஆகும் என்று உன் முதலாளியின் அறைக்குப் போய்ச் சொன்னேன். நீ அப்போது தபால் நிலையத்துக்குப் போயிருந்தாய். அவன் நாற்காலியிலிருந்து எழவில்லை. இருபத்தொன்பதாம் தேதி திறப்புக்கு ஆளுநர் வருகிறார், ஹோட்டல்கள் நிரம்பிவிட்டன, தாளில் முத்திரையைக் குத்து என்றான். முடியாது என்றேன். அப்போது அவன் சொன்னது எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகமிருக்கிறது: "இழையை எண்ணுறவன் இழையைத்தான் பாப்பான். நான் ஊரைப் பாக்கறேன். நல்லது நடக்கணும்னா நாலு பேரு கண்ணை மூடிக்கத்தான் வேணும்."

முத்திரையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். என் முத்திரை விழாமல் ஒரு பெட்டியும் நகராது என்று நம்பினேன். என் தப்பு அதுதான். வீட்டுக்குப் போயிருக்கக் கூடாது. கீழ்நிலையத்தின் வாசலில் போய் நின்று கத்தியிருக்கவேண்டும். அந்தப் பெண்ணின் காலை நினைத்தால் இங்கே எனக்குச் சோறு இறங்குவதில்லை. அதற்கு எந்தத் தண்டனை கொடுத்தாலும் வாங்கிக்கொள்வேன். செய்யாததற்கு ஒத்துக்கொள்ளமாட்டேன்.

ஒப்புதல் கடிதத்தைத் திருப்பி அனுப்பவில்லை. அடுப்பில் போட்டுவிட்டேன்.

கியோஹிகோ


மினோசே
ஜூன் 28

கியோஹிகோவுக்கு,

விடாத மழை.

நீ சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். கையில் உடைந்த கிண்ணத்தை வைத்துக்கொண்டு நான் உடைக்கவில்லை என்பாய். நீ வைக்கவில்லை என்றால் வேறு யார் வைத்தார்கள்? அதையும் சொல்லேன். முதலாளி வைத்தார் என்கிறாயா? ஆயிரம் பேருக்குச் சோறு போடுகிறவர், ஒரு சோதனைத் தாளுக்காக அடுத்தவன் முத்திரையைத் திருடுவாரா?

உன் கடிதத்தைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொன்னால் அவர் மனம் புண்படும். மாகாண விசாரணைக் குழு அக்டோபர் 14-ம் தேதி நம் ஊர் மண்டபத்தில் கூடுகிறது. அதற்குள் நீ ஒத்துக்கொள்ளவில்லை என்றால் உன்னைக் காப்பாற்ற என்னால் முடியாது.

மறுபடியும் ஒரு பிரதி வைத்திருக்கிறேன். பென்சில் வட்டத்தைப் பார்.

ஃபுமியே


ரெபுன் தீவு
ஜூலை 24

அக்கா,

விடிந்ததும் படகுகள் போகின்றன. ஆளுயரப் பாசியைக் கல்லில் விரித்துப் போடுகிறோம். மேகம் கறுத்தால் ஓடிப்போய் அள்ளுகிறோம். எழுத நேரமில்லை.

பத்திரிகையில் வந்தது நகலின் படம். நீ பார்த்ததும் நகல்தான். அசல் உன் கம்பெனியில்தானே இருக்கிறது? என்னை நம்பவேண்டாம். அசலை எடுத்து ஒருமுறை பார். அவ்வளவுதான் கேட்கிறேன்.

கியோஹிகோ


மினோசே
ஆகஸ்ட் 17

தம்பி,

முன்னோர் விழாவுக்குத் தனியாகவே விளக்கேற்றினேன். அப்பா அம்மா கல்லறையைக் கழுவினேன். அங்கே நின்று அவர்களிடம் சொன்னதை உன்னிடமும் சொல்லவேண்டும். ஐந்து முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

விசாரணைக் குழுவுக்காகப் பதினோரு வருஷத்துச் சோதனைத் தாள்களைக் கோப்பாகக் கட்டும் வேலை என்னிடம் வந்தது. ஏப்ரல் 27 தாளின் அசலும் என் கைக்கு வந்தது. நீ சொன்னதற்காகத்தான் பார்த்தேன், வீம்புக்குப் பார்த்தேன். சுகனுமா என்ற வட்டத்தின் கீழ்விளிம்பில் அரிசிமுனை அளவுக்கு ஒரு உடைசல் இருக்கிறது. நகலில் அது மைக்கறை மாதிரித் தெரிந்தது. கறை இல்லை. அது என் முத்திரை, கியோஹிகோ. உனக்கும் எனக்கும் ஒரே குடும்பப் பெயர். தபால் வரவுக்காக மேஜை இழுப்பறையில் நான் வைத்திருக்கிற முத்திரை அது. கல்தரையில் விழுந்து விளிம்பு உடைந்ததை மாற்றச் சோம்பல்பட்டு அப்படியே வைத்திருந்தேன். இழுப்பறையைப் பூட்டும் பழக்கம் எனக்கு இல்லை. முதலாளி வாசலில் திருடன் எப்படி வருவான் என்று நினைத்திருந்தேன்.

ஏப்ரல் 27 காலையில் ஆளுநருக்குப் பூங்கொத்து ஏற்பாடு செய்ய என்னைப் பக்கத்து ஊருக்கு அனுப்பினார். பூக்காரன் கம்பெனிக்கே வந்து தருவான், நானே போகவேண்டியதில்லை. அன்று அது எனக்குத் தோன்றவில்லை.

அவரிடம் போய்க் கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. சிரித்தார். "உன் முத்திரைதானே ஃபுமியே? அப்ப நீதான் குத்தியிருப்பே. தம்பி வேலை போயிடக்கூடாதுன்னு அக்கா குத்தியிருப்பா. கேக்கறவங்க அப்படித்தானே நினைப்பாங்க?" என்றார். பிறகு, ஊருக்காக நாம் எல்லோருமே கொஞ்சம் தாங்கிக்கொள்ளவேண்டும் என்றார். பிறகு தேநீர் கேட்டார். கொண்டுபோய் வைத்தேன். அதை நினைத்தால்தான் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

தாளைக் கிழித்துப் போடு என்றுகூட அவர் சொல்லவில்லை. அந்தத் தாள் இல்லாவிட்டால் அனுமதியே இல்லாமல் ஓட்டினார் என்றாகிவிடும். நான் வாயைத் திறக்கமாட்டேன் என்ற நிச்சயம் வேறு அவருக்கு.

உன்னை நம்பாமல் போய்விட்டேன். கிண்ணத்தைப் பற்றியெல்லாம் எழுதினேன். என்னை மன்னித்துவிடு. குழுவின் முன்னால் போய் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன்.

அக்கா


ரெபுன் தீவு
செப்டம்பர் 2

அக்கா,

போகாதே.

உன் கடிதத்தைப் பாசிக் கொட்டகையில் நின்றுகொண்டே படித்தேன். நீ என்னை நம்பிவிட்டாய். அது போதும். அழுதேன், சொல்ல வெட்கமில்லை.

இப்போது என் பேச்சைக் கேள். உன் முத்திரை என்று நீயே போய்ச் சொன்னால், அவன் உன்னைக் காட்டிவிடுவான். உன் பேச்சையும் அவன் பேச்சையும் தராசில் வைத்தால் மினோசேயில் யார் பேச்சு எடுபடும்? எனக்கு இங்கே பிழைப்பு இருக்கிறது. உனக்கு ஐம்பத்திரண்டு வயது. நீ சிறைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு நான் பாசி உலர்த்தமாட்டேன். அந்த ஒப்புதல் கடிதத்தை இன்னொரு பிரதி அனுப்பு. வட்டத்துக்குள் குத்தி அனுப்பிவிடுகிறேன்.

பெரிய விஷயமில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஞாபகமிருக்கிறதா? பழைய காகிதத்தில் ஐம்பது முறை என்னைக் குத்தவைத்தாய். பக்கத்தில் முதலாளி முத்திரை வைக்கும் கட்டத்தைப் பார்த்து உன் முத்திரையைக் கொஞ்சம் சாய்த்துவை, தலைகுனிந்து வணங்குகிற மாதிரி இருக்கவேண்டும், நேராகக் குத்தினால் திமிர் என்பார்கள் என்றாய். பதினோரு வருஷமாகக் காகிதத்திலும் அவனைக் கும்பிட்டிருக்கிறேன். இன்னும் ஒருமுறை கும்பிட்டால் முதுகு ஒடிந்துவிடாது.

தம்பி


மினோசே
செப்டம்பர் 9

தம்பி,

குத்தாதே. எதிலும் எதையும் குத்தாதே.

உன் கடிதத்தைப் படித்ததும் கம்பெனிக்கு ஓடினேன். ஞாயிற்றுக்கிழமை, யாரும் இல்லை. பெரிய மேஜைமேல் தாள்களையெல்லாம் வரிசையாகப் பரப்பினேன். உன்னுடைய தாள்கள் நூற்று முப்பத்திரண்டு. எல்லாவற்றிலும் சுகனுமா இடதுபக்கம், மொரோஹாஷியின் கட்டத்தைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது. பிறகு தபால் பதிவேட்டை எடுத்து என் முத்திரைகளைப் பார்த்தேன். இருபத்துநாலு வருஷமும் ஒன்றுவிடாமல் சாய்ந்திருக்கிறது. உனக்குச் சொல்லிக்கொடுத்தவள் ஆயிற்றே, என் கைக்கு நேராகக் குத்தவே வராது.

ஏப்ரல் 27 தாளில் சுகனுமா நட்டுவைத்த கம்பம் மாதிரி நேராக நிற்கிறது. பக்கத்துக் கட்டத்தில் மொரோஹாஷி முத்திரையும் அதேமாதிரி நிற்கிறது.

இந்தக் கம்பெனியில் நேராகக் குத்துகிற கை ஒன்றே ஒன்றுதான் உண்டு. தன் அப்பா எழுந்த நாற்காலியில் அப்படியே உட்கார்ந்தவர் முதலாளி. யாருக்குக் கீழும் ஒருநாள்கூட வேலை பார்த்ததில்லை. சாய்க்கவேண்டும் என்று அவருக்கு யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்?

கோப்பை நன்றாகக் கட்டி முத்திரையிட்டுக் குழு அலுவலகத்தில் நானே கொடுத்து ரசீது வாங்கிவிட்டேன். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் போவேன். அக்டோபர் பதினாலாம் தேதிக்கு எப்படியாவது வந்துவிடு.

அக்கா


கஃபுகா துறைமுகம், ரெபுன்
அக்டோபர் 12

அக்கா,

புயல். இரண்டு நாளாகக் கப்பல் ஓடவில்லை, நாளையும் ஓடாது என்கிறார்கள். மூட்டையோடு துறைமுகத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். கீழே எழுதியிருப்பதைத் தந்தியாகவும் கொடுத்திருக்கிறேன்.

தனியாகப் போகிறாய். அவன் கண்ணைப் பார்த்துப் பேசவேண்டாம், தாள்களைப் பார்த்துப் பேசு. பதற்றம் வராது.

கியோஹிகோ


மினோசே
அக்டோபர் 15

என் தம்பிக்கு,

பருவத்தைப் பற்றியெல்லாம் எழுத எனக்கு இன்று பொறுமையில்லை. ஜெயித்துவிட்டோம். நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன், நிதானமாகப் படி.

மண்டபம் நிறைந்து வாசல்வரை ஆட்கள் நின்றார்கள். ஹோட்டல்காரர்கள் பின்வரிசையில் மொத்தமாக உட்கார்ந்திருந்தார்கள். மிசுயே முன்வரிசையில் இருந்தாள், ஊன்றுகோலை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டிருந்தாள். குழுவின் தலைவர் ஹிகுராஷி என்பவர், ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்ற பொறியாளர், சாதுவாகப் பேசுகிற மனிதர். மொரோஹாஷி புது உடுப்பில் வந்திருந்தார். சோதனையாளன் ஏமாற்றிவிட்டான், ஆனாலும் பொறுப்பை நான் ஏற்கிறேன் என்று அருமையாக ஒரு உரை ஆற்றினார். நானே தட்டச்சு செய்த உரைதான்.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். ஏப்ரல் 27 தாளில் இருப்பது என் முத்திரை என்று சொன்னேன். மண்டபத்தில் ஒரே இரைச்சல். மொரோஹாஷி என்னைப் பார்த்து வருத்தமாகத் தலையை ஆட்டினார், வளர்த்த நாய் கடித்த மாதிரி. நான் நீ தந்தியில் சொன்னபடி தாள்களை மட்டுமே பார்த்தேன். முத்திரை என்னுடையது, குத்தியது நானில்லை, என் தம்பியுமில்லை, எங்கள் இருவர் கையும் எப்படிக் குத்தும் என்று இந்தக் கோப்பில் இருக்கிறது என்றேன். ஹிகுராஷி ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். மற்ற உறுப்பினர்கள் எழுந்து வந்து அவர் தோளுக்குமேல் பார்த்தார்கள். எல்லோரும் ஏதோ ஒரு அலுவலகத்தில் யாருக்கோ கீழே வேலை பார்த்தவர்கள். விளக்கமே தேவைப்படவில்லை. நேரான தாள் வந்ததும் ஒருவர் "ஓ" என்றார்.

மொரோஹாஷிக்கு மட்டும் புரியவில்லை. எதைப் பார்க்கிறார்கள் என்று கேட்டார். ஹிகுராஷி ஒரு பழைய தாளையும் அந்தத் தாளையும் அவர் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டுக்கும் வித்தியாசம் தெரிகிறதா என்றார். மொரோஹாஷி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். முகம் சுளித்தார். "இதென்ன, எல்லாம் கோணலா குத்தியிருக்கான்? இத்தனை வருஷம் இப்படியா வேலை பாத்திருக்கான்?" என்றார். முப்பது வருஷமாக இருநூறு பேர் தாளில் அவரை வணங்கியிருக்கிறார்கள், தம்பி. அவர் ஒருமுறைகூடக் கவனித்ததில்லை.

ஹிகுராஷி குரலை உயர்த்தாமல், "இது ஒண்ணு மட்டும் ரொம்ப நேர்த்தியா இருக்குங்க. நல்ல கை" என்றார்.

"முத்திரைன்னா அப்படித்தான் விழணும். நான் எது செஞ்சாலும் சுத்தமாத்தான் செய்வேன்" என்றார் மொரோஹாஷி.

வக்கீல் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். காலம் கடந்துவிட்டது. தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைக்க அரை நிமிஷம் ஆயிற்று. உறைத்த பிறகும் அவர் முகம் வெளிறவில்லை. எழுந்து நின்றார். வக்கீலின் கையை உதறினார். "ஆமா, நான்தான் குத்தினேன். யாராவது ஒருத்தன் குத்தணுமில்ல? அந்தக் கோழைக்காகக் காத்திருந்தா இந்த வருஷம் ஊரே பட்டினி. நான் செஞ்சது எல்லாம் ஊருக்காக. உங்கள்ல எவனுக்கு இருக்கு அந்தத் துணிச்சல்?" என்றார். சொல்லிவிட்டுப் பின்வரிசையைப் பார்த்தார். கைதட்டுவார்கள் என்று எதிர்பார்த்தார், சத்தியமாகச் சொல்கிறேன், காத்திருந்தார். ஹோட்டல்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.

அப்போது மிசுயே ஊன்றுகோலை ஊன்றி எழுந்தாள். "ஐயா, ஊருன்னு சொல்றீங்களே, அதுல நான் இல்லையா?" என்று கேட்டாள்.

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "யாரும்மா நீ?" என்றார்.

மருத்துவமனையில் அவள் கட்டிலருகே அவர் இடுப்புவரை குனிந்து மன்னிப்புக் கேட்ட படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. முதல் படம் சரியாக விழவில்லை என்று இன்னொருமுறை குனிந்தார். நான்தான் பூங்கொத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். இரண்டுமுறை குனிந்த மனிதருக்கு அவள் முகம் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவர் பேசியதை யாரும் கேட்கவில்லை. ஒரு ஹோட்டல்காரர் எழுந்து வெளியே போனார், அடுத்தவர் போனார், ஐந்து நிமிஷத்தில் பின்வரிசை முழுக்கக் காலி. போலீசார் அவரிடம் பக்கவாசல் வழியாகப் போகலாம் என்றார்கள். முன்வாசலில்தான் போவேன் என்று அடம்பிடித்தார். அங்கே கேமராக்கள் இருந்தன.

ஹிகுராஷி உன் பெயரைச் சொல்லி, சோதனையாளர் சுகனுமா கியோஹிகோமீது எந்தக் குற்றமும் இல்லை, அவர் மறுத்தது சரி, அவர் பேச்சைக் கேட்டிருந்தால் இந்த விபத்தே இல்லை என்று எல்லோர் முன்னிலையிலும் படித்தார். அதைக் குறிப்பேட்டில் ஏற்றச் சொன்னார். என் நாற்காலி எங்கே என்றே தெரியாமல் நின்றேன். மிசுயேதான் என்னைப் பிடித்து உட்காரவைத்தாள். வெட்கமாகப் போய்விட்டது.

அவளிடம் நீ எழுதியதைச் சொன்னேன், கீழ்நிலையத்தில் போய்க் கத்தியிருக்கவேண்டும் என்று. ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவைத்தாள். பிறகு, "வந்ததும் என்னை வந்து பாக்கச் சொல்லுங்க. என்கிட்டயே அதைச் சொல்லட்டும்" என்றாள். போய்ச் சொல், தம்பி. அது மட்டும் பாக்கி.

இன்று காலை மீன்கடைக்காரி வீட்டுக்கே வந்து நல்ல கானாங்கெளுத்தி இரண்டைக் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். வாங்கிக்கொண்டேன், ஆனால் உடனே சிரித்துவிடவில்லை. எனக்கும் கொஞ்சம் திமிர் வந்துவிட்டது போலிருக்கிறது.

உன் அக்கா
ஃபுமியே


ரெபுன் தீவு
அக்டோபர் 21

அக்கா,

உன் கடிதத்தைக் கொட்டகையில் சத்தமாகப் படித்துக் காட்டச் சொன்னார்கள். படித்தேன். "யாரும்மா நீ" வந்த இடத்தில் பாசி கட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் கையை நிறுத்திவிட்டார்கள். முடிந்ததும் இன்னொருமுறை படிக்கச் சொன்னார்கள். மூன்றுமுறை படித்தாயிற்று.

அக்கா, நீ செய்ததை நான் செய்திருப்பேனா என்று தெரியவில்லை. அவ்வளவு பேர் நடுவில் நின்று, இருபத்துநாலு வருஷம் தேநீர் கொடுத்த மனிதரை எதிர்த்து நின்றாயே. என் அக்கா என்று இங்கே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

கடல் அடங்கிவிட்டது. வெள்ளிக்கிழமைக் கப்பலில் கிளம்புகிறேன், ஞாயிறு பகல் பன்னிரண்டு மணி ரயிலில் மினோசே வந்து சேர்வேன். முதலில் மிசுயே வீட்டுக்குப் போகவேண்டும், சொல்லவேண்டியதைச் சொல்லவேண்டும். அது எளிதாக இருக்காது.

மே மாதம் ஊரைவிட்டு வந்தபோது தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு, ஆள் பார்க்காமல் சந்து வழியாக ரயிலடிக்கு வந்தேன். இந்தமுறை வண்டி வேண்டாம், சந்தும் வேண்டாம். கடைத்தெருவின் நடுவிலேயே நடந்து வருவேன். நீ ரயிலடிக்கு வந்துவிடு. நல்ல உடுப்பாகப் போட்டுக்கொண்டு வா, சேர்ந்தே நடப்போம்.

கியோஹிகோ